மாடு பூட்டாத பீரங்கி

பழைய போர்களைச் சின்ன உருவங்களை வைத்து மேசைமேல் ஆடுகிற பொழுதுபோக்கில் ஊறிப்போனவர்களின் கண்ணாடி அலமாரியைப் பார்த்திருக்கிறீர்களா? காலாட்படை வரிசை வரிசையாக நிற்கும், குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு பாயும், நாலைந்து பீரங்கிகள் இருக்கும், ஒவ்வொன்றைச் சுற்றியும் மருந்து திணிக்கிற கோலும் தீவைக்கிற கோலுமாக ஆட்கள். அந்தப் பீரங்கியை அங்கே இழுத்துக்கொண்டு வந்தது யார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. வண்டி இருக்காது. மாடோ குதிரையோ இருக்காது. ஓட்டியவன் சுத்தமாக இருக்க மாட்டான். பீரங்கி தானாக முளைத்து நிற்கும்.

காரணம் எனக்கும் தெரியும். வண்டி சுடாது. மேசையில் அதனால் யாரையும் வீழ்த்த முடியாது. ஒரே ஒரு பீரங்கிக்கு முன்வண்டி, மாடுகள், ஓட்டுபவன் என்று வாங்குகிற காசில் பாதிப் பட்டாளம் வாங்கிவிடலாம். ஒரு பெட்டி நூற்றைம்பது, இருநூறு மலேசிய வெள்ளி விற்கிற காலத்தில் யாரும் கணக்குப் பார்க்கத்தான் செய்வார்கள். நான் எதிர்க்கட்சி. முதலில் வண்டியைப் பூசு, அப்புறம் சிப்பாயைப் பூசலாம் என்று சொல்கிற ஆள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போதுதான் முதல்முறை கேள்விப்படுகிறீர்கள் என்றால், சுருக்கமாக: பழைய போர்களை மேசைமேல் ஆடுகிற விளையாட்டு இது. வெள்ளீயக் கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த சின்ன உருவங்கள், பெரும்பாலும் 28 மில்லிமீட்டர், அதாவது பாதத்திலிருந்து கண்மட்டம் வரை கிட்டத்தட்ட அவ்வளவு உயரம். 15, 10, 6 என்று அதைவிடச் சின்னதும் உண்டு, என் கண்ணுக்கு அது ஆகாது. உருவங்கள் வர்ணம் இல்லாமல்தான் வரும், பூசுவது நம் பாடு. அளவுகோல் வைத்து நகர்த்துவோம், பகடை உருட்டிச் சுடுவோம். பிரஷ்ய ராணுவம் இதன் மூதாதையை 1824-ல் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டது, ஆகவே இது முழுக்க வெட்டிவேலை என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் சொல்லத்தான் செய்கிறார்கள், அது வேறு விஷயம்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் உள்ள ஊர், ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், அதாவது ரப்பர், இப்போது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. வர்ணமும் தூரிகையும் வேண்டுமென்றால் ஈப்போவில் ஜப்பான் ரோபோ பொம்மை விற்கிற கடைகளில் தமியா கம்பெனி வர்ணப் புட்டிகள் கிடைக்கும், வயேகோ கம்பெனி வர்ணம் வேண்டுமென்றால் இணையத்தில் சொல்லிவைக்க வேண்டும். உருவங்கள் எல்லாமே கடல் தாண்டித்தான் வருகின்றன. ஆனால் இங்கே பெரிய தொல்லை அது இல்லை, காற்றில் இருக்கிற ஈரம்தான். இங்கிலாந்துக்காரர்களின் காணொளிகளில் அடிவர்ண ஸ்பிரேயை வெளியே எடுத்துப்போய் ஒரு சுற்று அடித்துவிட்டு வருவார்கள், அவ்வளவு சுலபமாக இருக்கும். அதையே நம் ஊரில் மதியம் மூன்று மணிக்கு, மழை கறுத்துக்கொண்டு வரும்போது செய்தால், உருவம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும், முகத்தில் மூக்கு எது வாய் எது என்று தெரியாது. நான் ஸ்பிரேயையே விட்டுவிட்டேன். தூரிகையால் பூசுகிற அடிவர்ணம், மெல்லிசாக இரண்டு பூச்சு, காலையில் பனி விலகியதும். வர்ணம் காயாமல் இருக்க, மூடி போட்ட டப்பாவில் ஈரப் பஞ்சும் அதன்மேல் பேக்கிங் தாளும் போட்டு அதில்தான் கலக்குவேன். குளிர்நாட்டில் அது வாரக்கணக்கில் தாங்குமாம். இங்கே சீக்கிரமே நாற்றம் எடுத்துவிடும். "செத்த எலி எங்கடா கிடக்கு?" என்று அம்மா வீடு முழுக்கத் தேடியிருக்கிறார்.

சரி, வண்டிக்கு வருவோம்.

நெப்போலியன் காலத்து ஆட்டம் என்றால் எல்லோரும் வாட்டர்லூவில்தான் தொடங்குவார்கள், பெட்டிகளும் அதற்குத்தான் குவிந்து கிடக்கின்றன. வாட்டர்லூவில் ஜெயித்த வெலிங்டன் பிரபு, ஆர்தர் வெல்லெஸ்லி என்ற வெறும் பெயரோடு படை நடத்தப் பழகிக்கொண்டது நம் தென்னிந்தியாவில். அவருக்குக் கீழே நடந்தவர்களில் பெரும்பகுதி மெட்ராஸ் காலாட்படை, தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். என் கொள்ளுத்தாத்தா பால்மரம் சீவக் கப்பலேறி வருவதற்கு நூறு வருஷம் முன்பே நம் பக்கத்து ஆட்கள் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு தக்காணம் முழுக்க நடந்திருக்கிறார்கள். நடந்திருக்கிறார்கள் என்பதைவிட, மாட்டு வண்டிக்குப் பின்னால் நடந்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் தளபதி கார்ன்வாலிஸ் திப்பு சுல்தானோடு சண்டை போட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரைக்கும் போய்விட்டார். மே மாதம் ஊருக்கு வெளியே அரிகெரேயில் நடந்த சண்டையிலும் அவர்தான் ஜெயித்தார். கோட்டையைச் சுற்றி வளைப்பதுதான் பாக்கி. அப்போது பார்த்து மாடுகள் சாகின்றன. தீவனம் இல்லை, தானியம் இல்லை, மழை வேறு. கடைசியில் அத்தனை பாடுபட்டு இழுத்துவந்த முற்றுகைப் பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டு பெங்களூருக்குத் திரும்பினார். ஜெயித்த படை, இழுக்க மாடில்லாமல் திரும்பிப்போனது. அடுத்த வருஷம் தானியத்துக்கும் பொதிக்கும் வழி பண்ணிக்கொண்டு, மாட்டு மந்தைகளில் தானியம் ஏற்றி விற்கிற லம்பாடிகளையும் சேர்த்துக்கொண்டு வந்தபோதுதான் காரியம் நடந்தது.

இதையெல்லாம் வெல்லெஸ்லி நன்றாகக் கவனித்துக்கொண்டார். 1799-ல் திப்பு விழுந்ததும் மைசூர் அரசின் அமிர்த மகால் மாடுகள் கம்பெனியின் கைக்கு வந்தன. பீரங்கி இழுக்கவென்றே வளர்த்த ஜாதி, வேகமான நடை, அசராத உடம்பு. தக்காணத்திலிருந்து அவர் எழுதிய கடிதங்களை எடுத்துப் பார்த்தால் எதிரியைவிட மாடுகளைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறாரோ என்று தோன்றும். எத்தனை மாடு, யார் பொறுப்பு, என்ன தீனி, எவன் திருடினான்.

அந்தக் கவலை எல்லாம் வந்து முடிந்த இடம் இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கிற அசாயே கிராமம், 1803 செப்டம்பர் 23. சிந்தியாவும் பேராரின் போன்ஸ்லேயும் சேர்ந்த மராட்டியப் படை, ஐரோப்பிய முறையில் பழக்கிய காலாட்படையும் அருமையான பீரங்கிகளுமாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. ஆற்றைக் கடக்க வழியில்லை என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். வெல்லெஸ்லி தொலைநோக்கியில் பார்க்கிறார், இரண்டு கரையிலும் எதிரெதிரே இரண்டு கிராமம் தெரிகிறது. நடுவில் ஒரு துறை இல்லாமல் இரண்டு ஊர் இப்படி எதிரெதிரே இருக்காது என்று கணக்குப் போட்டுப் படையை அங்கே திருப்புகிறார். துறை இருந்தது. கதை சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தி மூச்சு விடுவார்கள், நானும்தான். ஆனால் அதற்கப்புறம் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆற்றைக் கடந்து அணிவகுத்ததும் மராட்டியப் பீரங்கிகள் கம்பெனிப் பீரங்கிகளை நொறுக்கின. ஆட்கள் விழுந்தார்கள், பீரங்கி இழுக்கிற மாடுகள் கூட்டமாக விழுந்தன. மாடில்லாத பீரங்கியை முன்னால் கொண்டுபோக முடியாது. அதனால்தான் பீரங்கிகளை அங்கேயே விட்டுவிட்டுக் காலாட்படையைத் துப்பாக்கி ஈட்டியோடு நேராக நடத்தினார். கம்பெனிப் பக்கம் செத்தவர்கள் 428 பேர், காயம்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். மராட்டியர்களிடமிருந்து 98 பீரங்கிகளைப் பிடித்தார்கள். இன்றைக்கும் இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சின்னத்தில் இருக்கிற யானை அந்த அசாயே வெற்றிக்காகக் கொடுத்த யானைதான்.

அந்தச் சண்டையை மேசையில் மாடு வைக்காமல் ஆடினால், அவர் ஏன் அப்படி நேராக நடந்துபோனார் என்பதே புரியாது. பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

மாடு பூசுவது எப்படி என்று இப்போது சொல்கிறேன், எனக்கு இதுதான் பிடித்த இடம். முதல் சிக்கல், வருகிற வார்ப்புகளில் பாதி ஐரோப்பிய மாடுகள். திமில் கிடையாது, கழுத்துக்குக் கீழே தாடி தொங்காது, கொம்பு பக்கவாட்டில் குட்டையாக நீண்டிருக்கும். இரண்டு கலவையைப் பிசைந்து இறுக வைக்கிற பச்சைக் களிமண் ஒன்று கிடைக்கும், அதில்தான் திமில் வைக்கிறேன். கொஞ்சம் முன்சாய்ந்த மாதிரி இருக்க வேண்டும். இந்திய மாடு என்றே போட்டு விற்கிற வார்ப்புகளும் உண்டு, அதில் திமில் இருக்கும், ஆனால்.

அந்த ஆனாலைச் சொன்னது நான் இல்லை, பக்கத்து வரிசையில் இருக்கிற தாத்தா. எண்பதைத் தாண்டியவர். தோட்டத்தில் டிராக்டர் வருவதற்கு முன்னால் செம்பனைக் குலைகளை உள்ளேயிருந்து சாலைக்கு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர். ஒரு சாயங்காலம் பசியாறல் பொட்டலத்தோடு வந்தவர், மேசைமேல் காய்ந்துகொண்டிருந்த ஜோடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"தம்பி, இந்த மாடு வண்டி இழுக்காது."

"ஏன் தாத்தா?"

"நுகத்தடிய எங்க வச்சிருக்கான் பாரு. பாதிக் கழுத்துல. அது திமிலுக்கு முன்னால ஒட்டி உக்காரணும், மாடு அந்த இடத்தாலதான் தள்ளும். இப்படி வச்சா தொண்டையில ஏறிடும், நாலு அடி போகாது. மூக்கணாங்கயிறும் காணோம். எதப் புடிச்சுத் திருப்புவான்?"

இங்கிலாந்தில் உட்கார்ந்து வார்த்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயம் இல்லை. கத்தியால் நுகத்தடியைக் கழற்றி, ஒரு ஈர்க்குச்சியைச் சீவிப் புது நுகம் செய்து, திமிலோடு ஒட்டி உட்கார வைத்தேன். பூட்டாங்கயிறுக்குத் தையல் நூல், வெள்ளைப் பசையில் நனைத்து இரண்டு பிரியாக முறுக்கினால் காய்ந்ததும் அப்படியே நிற்கும். மூக்கணாங்கயிறுக்கு அதையே பிரித்து ஒற்றைப் பிரி. மூக்கிலிருந்து கொம்புக்குப் பின்னால் கொண்டுபோய் ஓட்டுபவன் கையில் முடிய வேண்டும், இது மட்டும் ஊசிமுனையில் செய்கிற வேலை, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஆக வேண்டும். தாத்தா அப்புறம் வந்து பார்த்துவிட்டு, வலத்தை மாட்டையும் இடத்தை மாட்டையும் மாற்றிப் பூட்டியிருப்பதாகச் சொன்னார். எதை வைத்துச் சொன்னார் என்று கேட்டேன். "மூஞ்சியப் பாத்தாத் தெரியும்" என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை, கழற்றி மாற்றிவிட்டேன்.

நிறத்துக்கு: அமிர்த மகால் மாடு சாம்பல். வெளிர்சாம்பலிலிருந்து ஏறக்குறையக் கறுப்பு வரைக்கும் போகும், காளைகளுக்குக் கழுத்தும் திமிலும் பின்தொடையும் இன்னும் கறுத்திருக்கும். முழு உடம்புக்கும் ஒரு நடுத்தரச் சாம்பல் பூசி, காய்ந்ததும் நீர்த்த கறுப்பைக் கழுத்து, திமில், தொடை என்று தேவையான இடத்தில் மட்டும் ஓடவிடுங்கள். அப்புறம் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்சாம்பலைத் தொட்டு முதுகெலும்பு, விலா, இடுப்பெலும்பு மேல் லேசாகத் தேய்த்தால் எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். போருக்குப் போன மாடு கொழுத்திருக்காது. மூக்கு, குளம்பு, வால்குஞ்சம் கறுப்பு. கண்ணுக்கு வெள்ளை வைக்காதீர்கள், மாட்டுக் கண்ணில் தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்புதான் தெரியும். ஒரு பளபளப்பு வார்னிஷ் துளி போதும். கொம்பு நீளமாகப் பின்னால் போய் மேலே வளையும், அடியில் மங்கல், நுனி கறுப்பு. ஒரு ஜோடியை அச்சடித்ததுபோல் ஒரே நிறத்தில் பூசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எந்த வண்டியிலாவது இரண்டு மாடும் ஒரே நிறத்தில் பார்த்திருக்கிறீர்களா? பினாங்கு தைப்பூச வெள்ளிரதத்துக்குப் பூட்டுகிற மாடுகளைத் தேர்ந்து எடுக்கிறார்கள், அது சாமி வண்டி. பட்டாளத்து மாடு கிடைத்ததைப் பூட்டியது.

ஓட்டுபவனுக்கு வழிகாட்டிப் புத்தகம் எதிலும் படம் இல்லை, ஏனென்றால் அவனுக்குச் சீருடை இல்லை. கூலிக்கு வந்தவன். இடுப்பில் முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய வேட்டி, தலையில் முண்டாசு, கையில் குச்சி. வேட்டியை வெள்ளையாகப் பூசினால் துணிக்கடை விளம்பரம் ஆகிவிடும். பழுப்பு கலந்த வெள்ளை, கீழ் ஓரத்தில் மண் நிறம். உடம்புக்குக் "சதை நிறம்" என்று போட்டு விற்கிற புட்டி எதுவும் ஆகாது, அது வெள்ளைக்காரன் சதை. அடர்பழுப்பில் தொடங்கி, சிவப்பு சாய்ந்த பழுப்பைக் கலந்து கலந்து ஏற்றுவேன். தோள், மூக்குத்தண்டு, முழங்கால் மூன்றில் மட்டும் வெளிச்சம் பிடித்தால் போதும். ஆளுக்கு ஆள் கலவையை மாற்றுங்கள். ஒரு பேருந்தில் ஏறிப் பாருங்கள், எத்தனை பழுப்பு என்று.

பீரங்கி வண்டியின் மரவேலைக்கு நாட்டுக்கு நாடு ஒரு நிறம் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆலிவ் பச்சை, ஆஸ்திரியர்களுக்குக் காவி மஞ்சள், பிரிட்டிஷ்காரர்களுக்குச் சாம்பல், இரும்பெல்லாம் கறுப்பு. என்னுடைய மெட்ராஸ் பீரங்கிகளுக்கு நானும் சாம்பல்தான் பூசுகிறேன், ஆனால் வெயிலில் வெளுத்து, உரிந்த இடங்களில் மரம் தெரிகிற சாம்பல். வெளுத்த மரத்துக்கு வழி: அடியில் அடர்பழுப்பு, அதன்மேல் நீளவாக்கில் மட்டும் சாம்பலை இழுப்பது, குறுக்கே ஒருபோதும் போகக் கூடாது, மரத்தின் நரம்பு அந்தப் பழுப்பில் தானாக நின்றுவிடும். சாமான் வண்டிகள் வேறு கதை. அவை கிராமத்து வண்டிகள், எந்தப் பூச்சும் பார்க்காதவை.

சக்கரத்தை எப்போதும் ஒட்டுவதற்கு முன்னாலேயே பூசிவிடுங்கள். குடத்தின் ஓட்டையில் பல்குச்சியைச் செருகிக்கொண்டால் விரலால் உருட்டிக்கொண்டே ஆரக்கால் ஒவ்வொன்றையும் உள்ளிருந்து வெளியே இழுக்கலாம். வட்டை மரத்தைச் சுற்றியிருக்கிற இரும்புப் பட்டையில் எல்லோரும் வெள்ளி நிறத்தைத் தீட்டுகிறார்கள்; உருளுகிற இரும்பு தரையில் படுகிற இடத்தில் மட்டும்தான் தேய்ந்து மினுங்கும், பக்கமெல்லாம் துரு ஏறிய கறுப்புதான். கடையாணியை மறக்காதீர்கள். 28 மில்லிமீட்டரில் அது ஒரு புள்ளி, ஆனால் அது இல்லாத சக்கரத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சிப்பாய்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அந்தக் காலத்து மெட்ராஸ் சிப்பாய்க்கு மேலே பிரிட்டிஷ் சிவப்புக் கோட்டு, கீழே தொடைவரைக்கும் ஒரு வெள்ளை அரைக்கால்சட்டை, அதன் ஓரத்தில் நீலத்தில் பல் பல்லாக ஒரு கரை. காலில் செருப்பு. பல் கரையைப் போடும்போது முதலில் ஓரம் முழுக்க நீலத்தைப் பட்டையாக இழுத்துவிட்டு, வெள்ளையால் மேலிருந்து முக்கோணம் முக்கோணமாக வெட்டிக்கொண்டு வாருங்கள். நீலப் பல்லை ஒவ்வொன்றாக வரையப் போனால் கை நடுங்கும்.

நெற்றி. 1806-க்கு முந்திய ஆள் என்றால் நான் விபூதியோ நாமமோ வைத்துவிடுவேன். தலைப்பாகைக்குக் கீழே நெற்றி என்று மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, ஒற்றை வெள்ளைக் கீறல்தான் போகும். காதில் கடுக்கனுக்குப் பித்தளைப் புள்ளி ஒன்று. இது அலங்காரத்துக்காக இல்லை. தொப்பி மாதிரி ஒரு புதுத் தலைப்பாகையை மாட்டச் சொல்லி, அதில் தோல் குஞ்சமும் வைத்து, அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்று ஆணை போட்டதில்தான் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கலகம் வெடித்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்து அதை அடக்கிய கில்லெஸ்பி அப்புறம் 1811-ல் ஜாவா படையெடுப்பில் நம் மலாக்கா வழியாகத்தான் போனார், படையெல்லாம் மலாக்காவில்தான் கூடியது. கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிராடாக்கும் பதவியிழந்து ஊர் திரும்பினார்கள். ஆக அந்த ஒற்றைக் கீறலுக்காக ஒரு கோட்டையே ரத்தமானது. அதைப் பூசாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

தரைக்கு நம் ஊர்ச் செம்மண் தாராளமாகக் கிடைக்கிறது. தேநீர் வடிகட்டியில் சலித்து, வாணலியில் வறுத்து, பசைமேல் தூவினால் வர்ணமே வேண்டாம். வறுக்காமல் போட்டால் பூசணம் பிடிக்கும், செம்பனை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அசாயே செம்மண் பூமி இல்லை, கரிசல். அதற்கு வடித்துப்போட்ட கோப்பித்தூளை வெயிலில் நன்றாகக் காயவைத்து வறுத்துப் போடுகிறேன், அச்சு அசலாக இருக்கிறது. வீடு முழுக்கக் கோப்பிக்கடை வாசனை, அம்மாவுக்கு அதில் மட்டும் புகார் இல்லை. புல்லுக்குத் தேங்காய் நார், கொடிக்கம்புக்கும் ஈட்டிக்கும் ஈர்க்குச்சி. இதற்கெல்லாம் காசு கொடுத்துப் பொட்டலம் வாங்குகிறார்கள் சிலர்.

சுங்கை சிப்புட் என்று சொன்னதும் வெளிநாட்டு விளையாட்டுக்காரர்கள் கேட்கிற ஒன்று உண்டு: உங்கள் ஊர்தானே, அவசரகாலத்தை, அதாவது கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களோடு பிரிட்டிஷ் அரசு நடத்திய சண்டையை, ஏன் ஆடக்கூடாது? 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளைச் சுட்டதில்தான் அது தொடங்கியது, 1960 வரைக்கும் ஓடியது. ஆட்டத்துக்கான உருவங்களும் கிடைக்கின்றன. நான் ஆட மாட்டேன். அந்தக் காலத்தில் முள்வேலிக்குள் வாழ்ந்தவர்கள், அரிசியை அளந்து வாங்கியவர்கள் இன்னும் கோப்பிக்கடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் பகடை உருட்ட எனக்குக் கை வராது. அசாயே இருநூறு வருஷத்துக்கு அந்தப் பக்கம், அதில் யாருக்கும் என்மேல் வருத்தம் இல்லை. இந்தக் கோடு எங்கே விழும் என்று ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும், என் கோடு அங்கே விழுகிறது.

நம் மண்ணிலேயே ஆட வேண்டும் என்றால் நானிங் இருக்கிறது. மலாக்காவுக்கு வடக்கே, இன்றைய அலோர் காஜா பக்கம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கேட்ட கம்பெனிக்குத் தர முடியாது என்று நானிங் தலைவர் டோல் சைட் சொல்லிவிட்டார். 1831 ஆகஸ்டில் மெட்ராஸ் சிப்பாய்கள் நூற்றைம்பது பேரையும் இரண்டு ஆறு பவுண்டுப் பீரங்கிகளையும் அனுப்பினார்கள். நானிங் ஆட்கள் பெரிய சண்டை எதுவும் போடவில்லை, முன்னாலும் பின்னாலும் மரத்தை வெட்டிப் பாதையில் சாய்த்தார்கள். பீரங்கிகளை விட்டுவிட்டுப் படை திரும்பியது. மறுவருஷம் பெரிய படை போயிற்று, காட்டை இரண்டு பக்கமும் அகலமாக வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே, மாதக்கணக்கில். இன்றைக்கு மோட்டாரில் போனால் ஒரு மணி நேரம் ஆகாத தூரம் அது. எனக்குத் தெரிந்து இதைவிட நேரடியான வண்டிப்போர் வேறு இல்லை, பீரங்கி சுடுகிறதா என்பதல்ல, பீரங்கி போய்ச் சேருகிறதா என்பதே முழு ஆட்டமும்.

அதைத்தான் இப்போது தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன். எதிரே ஆடப்போவது ஈப்போ நண்பர், டோல் சைட் அவர்தான். விதி இப்படி வைத்திருக்கிறோம்: ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பகடை. ஒன்று விழுந்தால் ஒரு ஜோடி படுத்துவிடும், அவிழ்த்து மாற்றும்வரை பின்னால் வருகிற எல்லோரும் நிற்க வேண்டும், ஏனென்றால் பாதை ஒரு வண்டி அகலம். நாலு மாடு பூட்டிய பீரங்கி மேசையில் ஒரு ஜாணுக்கு மேல் நீளம், திருப்பத்தில் அது எப்படித் திரும்பும் என்று அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தேன், மரம் ஒன்று குறுக்கே விழுந்தால் திரும்பவே திரும்பாது. மலாய் வீரர்களுக்கு இந்த அளவில் சரியான வார்ப்பு தேடியும் எனக்குச் சிக்கவில்லை, வேறு உருவங்களின் இடுப்பில் அந்தப் பச்சைக் களிமண்ணால் சாம்பின் துணி சுற்றிக்கொண்டிருக்கிறேன். மரம் சாய்க்க நண்பருக்கு ஐம்பது மரத்துண்டாவது வேண்டுமாம். அவர் பக்கத்துச் செலவு அவ்வளவுதான், சுள்ளி பொறுக்கினால் போதும். என் பக்கத்தில் இன்னும் இரண்டு ஜோடி மாடு பாக்கி, நுகம் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும், தாத்தா ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.